பாடகனைப் பின்தொடரக் கற்ற கருவி

இசைக்கு உயிர் லயம் என்பர் பெரியோர். அதன் வேகமாகிய காலப்பிரமாணத்தை எண்ணால் அளக்கும் முயற்சி ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைகூடியது. ஆம்ஸ்டர்டாம் நகரில் வின்கெல் என்பார் 1814-இல் அமைத்த ஊசற் கருவியைத் தழுவி, மெல்சல் என்பார் 1815-இல் மெட்ரோனோம் என்னும் கருவிக்கு உரிமம் பெற்றார். நிமிடத்திற்கு இத்தனை தட்டு என்று அது ஒலித்துக் காட்டும். 1817-இல் பீத்தோவன் தம் சிம்பனிகளுக்குரிய வேகத்தை எண்களாகவே வெளியிட்டார். ஆயினும், அவ்வெண் தொடக்க அடிகளுக்கே பொருந்தும், உணர்ச்சிக்கெனத் தனி வேகம் உண்டு என்னும் கருத்தையும் அவர் ஒரு பாடலின் கைப்படியில் குறித்து வைத்தார். கருவிக்கும் கலைஞனுக்கும் உள்ள வழக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

பேசும்படம் வந்தபின் கருவியின் கை ஓங்கியது. படச்சுருள் விநாடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. 12 சட்டங்களுக்கு ஒரு தட்டு என்று வகுத்தால் நிமிடத்திற்கு 120 தட்டு ஆகும். 1928-இல் வால்ட் டிஸ்னி 'ஸ்டீம்போட் வில்லி' என்னும் படத்திற்கு இசை பதிந்தபோது, திரையில் துள்ளும் பந்தொன்றைக் கண்டு வாத்தியக் குழுவினர் காலம் தவறாது வாசித்தனர். கருவி முன்னே சென்றது. கலைஞர் பின்னே சென்றனர்.

ஆனால் முன்பே பதிவான பாட்டை வேறொரு காலப்பிரமாணத்திற்கு இசையச் செய்வது எவ்வாறு? இசைத்தட்டை விரைவாகச் சுழற்றினால் வேகத்தோடு சுருதியும் ஏறிவிடும். இருமடங்கு விரைந்தால் ஒரு ஸ்தாயியே உயரும். இவ்விரண்டையும் பிரிக்கும் கணித முறையொன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளானகன், கோல்டன் ஆகிய இருவரும் 1966-இல் வெளியிட்டனர். ஃபேஸ் வோகோடர் என்பது அதன் பெயர். கணிப்பொறி மலிந்த பின்னர், 1998-இல் 'ஆசிட்', 2001-இல் 'லைவ்' ஆகிய மென்பொருள்கள் ஒலிப்பதிவை விரும்பிய வேகத்திற்கு நீட்டவும் சுருக்கவும் வல்லனவாய் வெளிவந்தன.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒருவர் 10 விநாடியில் 16 தட்டுகள் பாடினால், நிமிடத்திற்கு 96 தட்டு. மென்பொருளில் 100 என்று வைத்துவிட்டால் ஒரே நிமிடத்தில் 4 தட்டு பிசகும். பின்னர்ச் சேர்க்கும் மத்தளம் பாட்டோடு ஒட்டாது. இதற்குத் தீர்வு இரண்டு. பாட்டை 100-க்கு இழுத்துப் பொருத்துவது ஒன்று. பாட்டின் முதல் தட்டைக் கோட்டில் நிறுத்தி, அடுத்தடுத்த தட்டுகளைக் குறித்து, பாடகர் விரையுமிடத்தில் விரையவும் தளருமிடத்தில் தளரவும் மென்பொருளின் காலக்கோட்டையே வளைப்பது மற்றொன்று. இதனை வேக வரைபடம் எனலாம். தட்டுகளைக் கணிப்பொறி தானே கண்டறிவதும் உண்டு. எனினும் 96-ஐ 48 என்றோ 192 என்றோ அது மயங்குதல் கூடும். ஆதலின் காதே இறுதி நீதிபதி.

மாணவர்களே, பாடகரின் சிறு ஏற்றத்தாழ்வெல்லாம் பிழையன்று. சொல்லின் பொருளை உணர்த்த அவர் கொள்ளும் மூச்சு அது. அதனை அறியாது எல்லாவற்றையும் நேர்கோட்டில் நிறுத்தினால், கணக்குச் சரியாகும், பாட்டு வாடும். கருவியைப் பின்பற்ற மனிதன் முன்னரே பழகிவிட்டான். மனிதனைப் பின்பற்றக் கருவியும் இன்று கற்றுக்கொண்டது. எந்த இடத்தில் எது தலைமை தாங்கவேண்டும் என்று தெளிவதே இனிக் கற்கவேண்டிய கல்வி.