டார்கா

கூரையின் நடுப்பகுதியை மட்டும் கழற்றிவிட்டு, இருக்கைகளுக்குப் பின்னே வளைந்து நிற்கும் உலோகப் பட்டையின் காப்பில் ஓட்டத்தக்க விரைவுக் காரை ‘டார்கா’ என்று வழங்குவது இன்று உலக வழக்கமாயினும், இத்தாலிய பாஷையில் அச்சொல்லுக்குப் பலகை, பட்டயம் என்பதே பொருள். வண்டியின் எண் பலகைக்கும் அங்கே அதுவே பெயர். நம் தர்காவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

1906-இல் வின்சென்சோ ஃப்ளோரியோ என்னும் செல்வர் சிசிலித் தீவின் மலைப்பாதைகளில் தொடங்கிய கார்ப் பந்தயத்துக்கு ‘டார்கா ஃப்ளோரியோ’ என்று நாமகரணம் செய்தார். அதில் 1956 முதற்கொண்டு பன்முறை வாகை சூடிய போர்ஷே நிறுவனத்தார், திறந்த கார் கவிழ்ந்தால் பிரயாணிகளின் கதி யாதாகும் என்ற அச்சம் அமெரிக்காவில் வலுத்திருந்த சமயத்தில், பட்டை பொருத்திய தம் 911 காரை 1965-இல் காட்சிக்கு வைத்தபோது அப்பெயரையே அதற்குச் சூட்டினர். பாதுகாப்புக்காகப் பிறந்த வண்டிக்கு உயிரைப் பணயம் வைக்கும் பந்தயத்தின் பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.

ஆரம்பகால வண்டிகளில் பின்புறம் கண்ணாடிக்குப் பதிலாக ஜிப் வைத்த பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தது. சில ஆண்டுகளிலேயே நிலையான கண்ணாடி அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டதாயினும், பழைய கார்களைச் சேகரிக்கும் ரசிகர்கள் விசேஷ சிரத்தையுடன் தேடுவது அந்த ஜிப் ஜன்னல் வண்டியைத்தான்.