கம்பெனி சொன்ன விலை

குவாதமாலாவில் 1952இல் ஆர்பென்ஸ் அரசு கொண்டுவந்த நிலச்சீர்திருத்தச் சட்டம் பெரும்பண்ணைகளின் தரிசைத்தான் எடுத்தது. யுனைடெட் ஃப்ரூட் கம்பெனிக்கு இழப்பீடு எவ்வளவு? வரிக்காகக் கம்பெனியே எழுதிக்கொடுத்திருந்த மதிப்பு, சுமார் 6 லட்சம் டாலர். உன் கணக்குப்படியே உனக்குக் காசு, இதிலென்ன அநியாயம்? இல்லை, 1 கோடியே 58 லட்சம் வேண்டுமென்று அமெரிக்க வெளியுறவுத்துறையே வந்து நின்றது. அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் முன்பிருந்த வக்கீல் நிறுவனத்தின் கட்சிக்காரர்தான் இந்தக் கம்பெனி, சி.ஐ.ஏ. தலைவரோ அவர் தம்பி. அப்புறமென்ன, கம்யூனிஸ்ட் பூச்சாண்டி! 1954 ஜூனில், தேர்தலில் வென்ற ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 'சுதந்திர உலகம்' என்கிற சொல்லாடலுக்குள் இதுவும் அடக்கம். அடுத்து அமர்த்தப்பட்ட காஸ்டிலோ அர்மாஸ் எழுதப்படிக்கத் தெரியாதவர்களின் வாக்குரிமையைப் பிடுங்கினார். வாக்காளர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். நிலமும் கம்பெனிக்கே திரும்பிப் போனது.