மரத்தின்மேல் ஒரு முத்திரை

கம்மாபுரம் வட்டாரச் சாலைகளில் சவுக்குக் கட்டைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். அம்மரம் எங்கே வளர்ந்தது? வெட்டிய இடத்தில் மீண்டும் கன்று நட்டார்களா? இக்கேள்விகளுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நம் நாட்டிற்கு இருப்புப்பாதை வந்தது. தண்டவாளத்தின் அடியில் இடுவதற்கும், நீராவி இயந்திரத்தின் உலையில் எரிப்பதற்கும் மரம் வேண்டியிருந்தது. காடுகள் விரைந்து அழிந்தன. 1856-ஆம் ஆண்டில் ஹியூ கிளெகார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக அமர்த்தப்பெற்றார். 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. காட்டைவிட்டு வெளியேறும் மரத்திற்கு அனுமதிச் சீட்டும், சுத்தியலால் குத்தும் முத்திரையும் தேவையாயின. அம்முத்திரை மரம் யாருடையது என்பதைச் சொல்லிற்றேயன்றி, காடு நலமாக உள்ளதா என்பதைச் சொல்லவில்லை. காட்டில் விறகு பொறுக்கியும் ஆடுமாடு மேய்த்தும் வாழ்ந்த எளிய மக்களின் உரிமைகளோ சுருங்கின.

1992-இல் ரியோ டி ஜெனிரோ நகரில் உலக நாடுகள் கூடின. ஆயினும், காடுகளைக் காக்க எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அங்கே உருவாகவில்லை. மறு ஆண்டே இயற்கை ஆர்வலரும் வணிகரும் மக்கள் அமைப்பினரும் டொரான்டோ நகரில் கூடி, எப்.எஸ்.சி. என்னும் வனப் பேணல் மன்றத்தை நிறுவினர். சார்பற்ற ஆய்வாளர் காட்டிற்கே செல்வார். வளரும் அளவிற்கு மேல் வெட்டுகிறார்களா, நீரோடைகள் காக்கப்படுகின்றனவா, தொழிலாளரும் பழங்குடியினரும் உரிமையோடு வாழ்கின்றனரா என்று பார்ப்பார். அதன் பின்னரே சான்று கிடைக்கும். காடு முதல் கடை வரை அம்மரம் கைமாறும் வழியெல்லாம் கணக்கும் இருத்தல் வேண்டும்.

நம் நடுவண் அரசும் 2023 டிசம்பரில் இந்திய வன, மரச் சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. காட்டிற்கு வெளியே உழவர் வளர்க்கும் மரங்களுக்கும் அதில் இடமுண்டு. இரண்டு ஏக்கர் சவுக்கு வைத்திருப்பவர் ஆய்வுச் செலவைத் தனியே தாங்குவது அரிது. பலர் ஒன்றுகூடினால் இயலும். அவ்வழி அடைபடுமாயின், முத்திரை செல்வர்க்கு மட்டுமே உரியதாகிவிடும். 1882-இன் குறையே வேறு உருவில் திரும்பிவரும்.

முத்திரை காட்டைக் காப்பதில்லை. அதைப் பார்த்துக் கேள்வி கேட்கும் மக்களே காக்கின்றனர். இன்று உங்கள் குறிப்பேட்டின் பின்னட்டையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அத்தாள் எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்குங்கள்.