பிள்ளைக் காம்பரா

தேயிலையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். எந்தத் துரை எந்தக் காட்டை வெட்டினான், லண்டன் ஏலத்தில் ஊவாத் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று, ரயில் பாதை அப்புத்தளையைக் கடந்து 1924-ம் ஆண்டில் எவ்வாறு பதுளையை வந்தடைந்தது என்பனவெல்லாம் தடித்த நூல்களில் இருக்கின்றன. தொழிலாளர் பக்கம் நின்று எழுதிய வரலாறும் இன்று நம்மிடம் உண்டு. 1940-ம் ஆண்டு மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தமும், தொழிலாளர் தாமே தேர்ந்த குழுவோடு துரை பேச நேர்ந்ததும் அதில் பெருமையோடு இடம்பெறுகின்றன. ஆயினும் ஒரு சிறு கேள்வியை இரு தரப்பாரும் பெரும்பாலும் கேட்காமலே விட்டுவிட்டனர். தாய் மலைக்குப் போன பின் அவளுடைய ஒன்றரை வயதுப் பிள்ளை யார் கையில் இருந்தது?

அதற்கான விடை லயத்துக்கு அருகே ஒற்றை அறையாக நின்றது. தோட்டத்து மக்கள் அதனைப் பிள்ளைக் காம்பரா என்றனர். சில இடங்களில் பிள்ளை மடுவம் என்றனர். காம்பரா, போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். மடுவம், சிங்களத்தின் வழி வந்தது. கொட்டகை என்று பொருள். கொழுந்து நிறுக்கும் இடமும் மடுவம், பிள்ளையை விடும் இடமும் மடுவம். ஒப்படைத்துவிட்டு உடனே நிரைக்குத் திரும்ப வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றே. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஆயா என்று பெயர். அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே என்று அகராதி கூறும். ஆனால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஆயா என்றால் பாட்டி. கடல் கடந்து வந்த மக்கள் எந்த ஆயாவை நினைத்து அப்பெண்ணை அழைத்தார்கள் என்பதை அகராதி தீர்த்துவைக்க முடியாது. துரையின் பங்களாவிலும் ஓர் ஆயா இருந்தாள். அவளுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள். காம்பரா ஆயாவுக்கோ இருபது, முப்பது.

இந்த அறை தோன்றிய காரணத்தைத் தேடினால் நாம் ஊவாவின் ஒரு மூலைக்கே போய்ச் சேருகிறோம். 1869-ம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள ஒரு கோப்பித் தோட்டத்தில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் கண்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பிச் செல்வத்தைத் தின்று தீர்த்த இலைநோய் அது. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு ஆள் வேண்டும். பறித்து முடிந்தால் வேண்டாம். பெரும்பாலும் ஆண்களே காட்டுவழி நடந்து வந்தார்கள். உயிர் எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். பெண்ணும் பிள்ளையும் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தனர்.

கோப்பி அழிந்த நிலத்தில் நட்ட தேயிலை அத்தகைய பயிர் அன்று. கொழுந்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். அதற்குப் பெண்ணின் கை வேண்டும். அதுவும் கூலி குறைந்த கையாக இருக்க வேண்டும். ஆகவே குடும்பங்களைக் கொண்டுவந்து லயத்தில் இருத்தினார்கள். கோப்பி முதலாளிக்குப் பிள்ளை ஒரு சிக்கலாக இருக்கவில்லை. பிள்ளை அங்கே இல்லை. தேயிலை முதலாளிக்கோ பிள்ளை வேண்டியிருந்தது. நாளைய கூலியாள் அவன்தானே? ஆனால் இன்று அவன் தாயின் இடுப்பில் இருக்கக் கூடாது. இந்த முரண்பாட்டின் நடுவிலேதான் பிள்ளைக் காம்பரா பிறந்தது.

உடனே பிறந்துவிடவில்லை. முதலில் தாய் குழந்தையைச் சுமந்துகொண்டே மலைக்குப் போனாள். நிழல் மரத்தின் கிளையில் சேலையால் ஏணை கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு நிரை பிடித்தாள். மழைக் காலத்தில் பனிமூட்டமும் அட்டையும். ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று. அந்த வறண்ட காற்றில் கொழுந்து பெறும் மணமே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது. விலை ஏறும் அம்மாதங்களில் தாயின் கை மிகுதியாக வேண்டப்பட்டது. காற்று ஏணையை ஆட்டியது என்று பாடலாம். புழுதியையும் அதே காற்றுத்தான் கொண்டுவந்தது. நடக்கத் தொடங்கிய பிள்ளையை ஏணையில் கட்டிவைக்க முடியாது. அதனை லயத்தில் விட வேண்டியிருந்தது. அங்கே ஒரு கிழவி இருந்தால் கிழவியிடம்; இல்லையேல் ஏழு வயது அக்காளிடம்.

இந்த அக்காளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1912-ம் ஆண்டில் வந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தக்க பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கும்படி பார்க்கும் கடமையைத் தோட்ட அதிகாரிமேல் சுமத்தியது. நல்லது. ஆனால் ஒரு வயது நிறைந்த மறுநாள் அச்சட்டம் வாயை மூடிக்கொண்டது. அடுப்பு, பீலித் தண்ணீர், கான், படி இவற்றிலெல்லாம் ஆபத்து நடக்கும் பிள்ளைக்கே அதிகம் என்பதை எந்தத் தாயும் அறிவாள். 1920-ம் ஆண்டின் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்குமாறு தோட்டங்களைப் பணித்தது. 1929-ம் ஆண்டின் தொடக்கத்தில் குறைந்தபட்சக் கூலி அமுலாயிற்று: உயர்ந்த மலைப்பகுதிகளில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. மலையில் நின்ற பிள்ளையின் உழைப்புக்குச் சட்டத்தில் ஒரு விலை இருந்தது. லயத்து வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நின்ற சிறுமியின் உழைப்புக்கு எந்தச் சட்டத்திலும் விலை இல்லை. அது உழைப்பு என்ற பெயரைக்கூடப் பெறவில்லை. அவள் வேலைக்குப் போகவில்லை என்று செக்குரோல் சொல்லிற்று. பள்ளிக்கும் வரவில்லை என்று பள்ளி இடாப்புச் சொல்லிற்று.

பிள்ளைக் காம்பரா ஆயாவின் வேலை, அடிப்படையில் இந்தச் சிறுமியின் இடுப்பிலிருந்து இறக்கி எடுக்கப்பட்ட வேலையே. ஆனால் அறையைக் கட்டியவர்களின் எண்ணம் வேறு. விடியற்காலை பிரட்டுக் களத்தில் ஒரு தாய் குறைந்தால் ஒரு நிரை குறையும். 1939-ம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டத்தையும் அதன் பிற்காலத் திருத்தங்களையும் பாருங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தாய்க்கு வேலை நேரத்தில் இருமுறை பால் கொடுக்க இடைவேளை உண்டு. தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொரு முறையும் அரை மணி. இல்லையேல் ஒரு மணி. கணக்குத் தெரிந்தவர்கள் உடனே கூட்டிப் பார்க்கலாம். காப்பகம் வைத்த தோட்டத்துக்குத் தாய் ஒருத்திக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இலாபம். இதனால் அச்சட்டம் தீயது என்று நாம் சொல்ல வரவில்லை. தாய்மார் அந்த அரை மணியைப் பொன்போல் மதித்தனர். பால் கட்டிய மார்போடு சரிவில் இறங்கி ஓடி வந்து, கொடுத்து, மறுபடி ஏறுவதற்குள் அந்த நேரம் எவ்வளவு மிஞ்சியது என்பது மலையின் தூரத்தைப் பொறுத்தது.

இனி, ஆயாவாக யாரை வைத்தார்கள்? நீண்ட காலம் வரை, கொழுந்து பறிக்கும் வலு குன்றிய மூத்த பெண்களையே வைத்தார்கள். முழங்கால் வீங்கி மலையேற முடியாது போனவள், கூடையைச் சுமந்து முதுகு வளைந்தவள் இத்தகையோர்க்கு அது ஒரு கருணை வேலையாகக் கருதப்பட்டது. பயிற்சி என்ற பேச்சே எழவில்லை. பெண்ணுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதா என்பதே எண்ணம். அந்தக் கிழவிகளை நாம் குறைத்துப் பேசமாட்டோம். அழும் பிள்ளையின் குரலைக் கொண்டே பசியா, வயிற்று நோவா என்று சொன்னவர்கள் அவர்கள். எனினும் இருட்டறையில் இருபது தொட்டில்களையும் ஒரு விறகடுப்பையும் ஒரு கிழவியையும் அடைத்துவிட்டு, அதற்குப் பராமரிப்பு என்று பெயர் சூட்டியவர்களை மன்னிப்பது எளிதன்று.

உலகில் வேறிடத்தில் இவ்வேலை எவ்வாறு தொடங்கியது என்பதையும் ஆசிரிய நண்பர்கள் நினைவுகொள்ளலாம். ஸ்கொட்லாந்தில் நியூ லனார்க் பஞ்சாலையை நடத்திய ராபர்ட் ஓவன், 1816-ம் ஆண்டில் தொழிலாளரின் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார். நடை பழகிய சிறு குழந்தைகளும் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களைப் பார்க்க அவர் பண்டிதர்களைத் தேடவில்லை. ஜேம்ஸ் புக்கனன் என்ற நெசவாளியையும், மோலி யங் என்ற பதினேழு வயது ஆலைப் பெண்ணையும் தேர்ந்தார். எந்தக் குழந்தையையும் அடிக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது. இதுவே முதல் கட்டளை. பிள்ளைமேல் பிரியமும் அளவற்ற பொறுமையுமே அவர் கேட்ட தகுதி. ஓவனும் முதலாளிதான், தாயின் கை ஆலைக்கு வேண்டும் என்பதை அவரும் அறிவார். ஆனால் அவர் பிள்ளையையும் பார்த்தார். இந்தியாவில் 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றதோடு, குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண்ணே அதன் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதிவைத்தது. நடைமுறை எப்படியிருப்பினும், பயிற்சி என்ற சொல் சட்டத்தில் ஏறியது.

ஊவாவின் லயங்களிலோ அக்காலத்தில் மக்கள் நாடற்றவர்களாக நின்றுகொண்டிருந்தனர். 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையைப் பறித்தது. 1964-ம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. ஒரே காம்பராவில் தவழ்ந்த பிள்ளைகளில் சிலர் தலைமன்னார் வழியாகக் கப்பல் ஏறினர், சிலர் தங்கினர். பின்னர் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 74-ம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் லயங்களைத் தாக்கியது. 1974-ம் ஆண்டில் தோட்டங்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் நூற்றுக்கும் மேற்பட்டவை ஓர் ஆண்டு நிறையுமுன் இறந்தன. நாடு முழுவதையும் எடுத்தால் அக்கணக்கு ஏறத்தாழ ஐம்பதுதான். பல தோட்டங்களின் காம்பராக்களில் அவ்வாண்டு தொட்டில்கள் அவிழ்க்கப்பட்டன.

மாற்றம் பிந்தியே வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி 1984-ம் ஆண்டில், போராட்டத்தின் பின் கிடைத்தது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் வெளிநாட்டு உதவியோடு காம்பராக்கள் பல புதுப்பிக்கப்பட்டன. சன்னல் வந்தது, கழிப்பிடம் வந்தது, சுவரில் படம் வந்தது. 1992-ம் ஆண்டில் தோட்ட நிருவாகம் கம்பனிகளின் கைக்கு மீண்டது. பிள்ளைக் காம்பரா இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம். ஆயா, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பள்ளி இறுதி வகுப்புவரை படித்த தோட்டத்து இளம்பெண்கள் பயிற்சி பெற்று அவ்வேலையில் சேரலாயினர். பெயர்ப்பலகை மாறியபோதும் பிள்ளைகள் ஆயாம்மா என்றுதான் ஓடி வருகின்றன.

பசறையிலோ லுணுகலையிலோ அப்படி ஓர் இளம்பெண் முதன்முதலாக வேலை ஏற்கும் காலையை எண்ணிப் பாருங்கள். பனி விலகுமுன் தாய்மார் கம்பளியில் சுற்றிய பிள்ளைகளோடு வருவார்கள். அவர்களுக்கு நிற்க நேரமில்லை. "ராத்திரி காய்ச்சல் அடிச்சிச்சு, பாத்துக்க தங்கச்சி" என்று ஒரு சொல்; பிறகு மலைப்பாதை. பிள்ளைகள் ஒன்றையொன்று கேட்டு அழத் தொடங்கும். ஒன்று அழுதால் பத்து அழும். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு வராது. இரண்டு வயதுப் பிள்ளை கடிக்கும். பொம்மையைப் பங்கிடத் தெரியாது. அதற்காக அடிக்கவும் கூடாது. முதல் வாரத்தில் அவள் கற்பது பாடப்புத்தகத்தில் பாதிதான் உண்டு. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பித் தூங்கும், எது புதியவர் மடிக்கு வராது, எந்தத் தாய் இன்று எந்த மலையில் நிற்கிறாள் என்பன அவள் தானே தேட வேண்டியவை. கடைசியாகச் சொன்னது சிறு செய்தியன்று. காய்ச்சல் ஏறினால் ஆளனுப்ப வேண்டிய திசை அதுவே. சில வாரங்களில் அழுத பிள்ளை தாயின் தோளிலிருந்து தானே கை நீட்டி அவளிடம் தாவும். அப்போது தாயின் முகத்தில் நிம்மதியோடு ஒரு சிறு வலியும் தெரியும். அதையும் அவள் கண்டுகொள்ளாதவள்போல் இருக்கக் கற்க வேண்டும்.

இவ்வேலையின் பலனைத் தராசில் வைக்க இயலாது. மேலதிகக் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு உண்டு. இருபது பிள்ளைகள் கீழே விழாமல், பசியாமல் மாலையை அடைந்ததற்கு மேலதிகம் என்று ஒன்றில்லை. 2016-ம் ஆண்டின் தேசிய ஆய்வில் நாட்டின் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர்; தோட்டங்களிலோ நூற்றுக்கு 32 பேர். அந்தப் பிள்ளைகளுக்குப் பகல் உணவை ஊட்டும் கையின் மதிப்பைக் கூலிப் பேச்சுவார்த்தை மேசைகளில் எத்தனை பேர் எடுத்துரைத்திருக்கிறார்கள்? இன்று தாய்மாரில் பலர் மலைக்குப் போவதில்லை. கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள். மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வருபவள் பல வீடுகளில் மறுபடியும் அந்தக் கிழவிதான்.

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கற்பிக்கும் நண்பர்கள் தங்கள் வரவு இடாப்பை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். ஆயாம்மாவுக்கு உடல்நலமின்றிக் காம்பரா திறக்காத நாள் எது என்பதைத் தோட்டத்தில் யாரும் சொல்வார்கள். அன்று மூன்றாம், நான்காம் வகுப்புகளில் எந்தச் சிறுமிகளின் பெயருக்கு எதிரே கோடு விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.