மூத்த பிள்ளையும் புதுப் பிள்ளையும்: தமிழகப் பேறுகால வழக்கங்களின் ஒரு பக்கம்

பேறுகாலம் பற்றிய தமிழ் எழுத்துகளில் தாயும் சிசுவும் பேசப்படும் அளவுக்கு, அதே வீட்டில் அதற்கு முன்பே பிறந்து வளர்ந்துகொண்டிருந்த பிள்ளைகள் பேசப்படுவதில்லை. நற்றிணையின் 40-ஆம் பாடல் ஒரு பேறுகால வீட்டை மிக நெருங்கிக் காட்டுகிறது. மணி ஒலிக்கும் காவலுள்ள மனை, மணல் பரப்பிய பந்தல், நற்சொல் கேட்க நிற்கும் மகளிர், செவிலியின் பக்கத்தில் உறங்கும் மகன், வெண்சிறுகடுகு அப்பி நெய் பூசிக் குளித்துக் கண்ணயர்ந்த தாய், நள்ளிரவில் கள்வனைப் போல நுழையும் கணவன் என எல்லாரும் அதில் இருக்க, அக்காவோ அண்ணனோ அக்காட்சியில் இல்லை. ஆனால் ஒரு பெண் ஐந்தாறு முறை கருவுறுவது இயல்பாயிருந்த காலம் முழுவதும், பெரும்பாலான பிறப்புகள் மூத்த பிள்ளைகள் இருந்த வீடுகளில்தாம் நிகழ்ந்தன.

தலைப்பிரசவம், அதாவது முதற்பேறு, தாய்வீட்டில் நிகழ வேண்டும் என்பது தமிழகமெங்கும் பரவலாக இருந்த வழக்கம். அடுத்தடுத்த பேறுகளுக்குச் சாதிக்கும் வசதிக்கும் ஏற்ப அது மாறியது. தாய்வீட்டுக்குச் சென்ற பெண் மூத்த குழந்தையையும் உடன் அழைத்துச் சென்றதால், அக்குழந்தை தம்பியையோ தங்கையையோ சந்திக்கும் முன்பே பாட்டியின் பாயில் படுக்கப் பழகிவிட்டது. வலி கண்டதும் பிள்ளைகள் அண்டை வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். உள்ளறையில் மருத்துவச்சியும் அனுபவமுள்ள இரண்டொரு பெண்களும் மட்டுமே இருந்தார்கள். மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். நெல்லும் புடவையும் வெற்றிலை பாக்கும் அவர்களுக்குக் கூலியாகக் கிடைத்தன. தலைமுறை தலைமுறையாக ஊரின் எல்லா உயிர்களையும் கையில் ஏந்திய அப்பெண்களை, தொப்புள்கொடி அறுத்த தீட்டைச் சொல்லியே ஊர் தள்ளி நிறுத்தியது என்பது இவ்வரலாற்றின் வெட்கக்கேடான பகுதி.

பிறப்புக்குப் பின் தாயும் சேயும் சில நாட்கள் தனித்திருக்கும் தீட்டுக்காலம் வந்தது. பத்து நாள், பதினாறு நாள் என அது சாதிக்குச் சாதி வேறுபட்டது. இந்த விலக்கை மூன்று வயதுப் பிள்ளை எப்படிக் கடைப்பிடிக்கும் என்ற சிக்கலுக்குக் குடும்பங்கள் கண்ட வழி சுவையானது. துணி உடுத்தாத குழந்தையைத் தீட்டு ஒட்டாது என்று கருதிய வைதிக வீடுகளில், மூத்த குழந்தையின் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாயிடம் அனுப்பினார்கள்; மற்ற வீடுகளில், தாயைத் தொட்டு வந்த குழந்தைமீது தண்ணீர் ஊற்றியபின் அடுக்களைக்குள் விட்டார்கள். விதி கடுமையாகத் தோன்றினாலும், பிள்ளை தாயிடம் போகும் பாதையை அது முழுதும் அடைக்கவில்லை.

பூண்டும் சுக்கும் மிளகும் மணக்கும் அந்த அறையில் மூத்த பிள்ளை முதலில் கண்டது, பழந்துணியில் சுற்றப்பட்டு, கையில் வசம்பு வளையல் கட்டப்பட்டு, கன்னத்தில் கண்ணேறு கழிக்க மைப்பொட்டு வைக்கப்பட்ட ஒரு சிசுவை. சேனை வைத்தல், அதாவது நற்குணமுடைய உறவினர் ஒருவரைக் கொண்டு குழந்தையின் நாவில் முதல் இனிப்பைத் தொட்டு வைத்தல், பெரியவர்களுக்கு உரிய சடங்காக இருந்தது. மூத்த பிள்ளைக்குக் கிடைத்தது தெருவுக்குச் சர்க்கரை கொண்டு போகும் வேலையும், தொட்டில் கட்டிய பின் அதை ஆட்டும் வேலையும். அன்றிலிருந்து வீடே அந்தப் பிள்ளையைச் சிசுவின் வாயால் ‘அண்ணா’ என்றும் ‘அக்கா’ என்றும் அழைக்கத் தொடங்கியது. தனியாக ஓர் அறிமுகச் சடங்கு தேவைப்படவில்லை, ஏனெனில் வேலையே அறிமுகமாக இருந்தது. அவ்வேலை ஆண்பிள்ளைக்கு விளையாட்டாக முடிய, பெண்பிள்ளைக்கோ தம்பியை இடுப்பில் சுமந்தபடி பள்ளியைத் துறப்பதில் போய் நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூத்த பிள்ளை உண்மையில் இழந்தது கவனத்தை அன்று, பாலை. தாய் மீண்டும் கருவுற்றதும் முலைக்காம்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்தார்கள்; இளைய குழந்தைக்காகப் பால் நிறுத்தப்பட்டு, கஞ்சியும் சோறும் போதாமல் மெலிந்து, வயிறு முன்தள்ளி, எதற்கெடுத்தாலும் சிணுங்கும் பிள்ளையை ஊர் ‘சவலை’ என்றது. சித்த மருத்துவம் அதை ஒரு குழந்தை நோயாகவே கொண்டு மருந்து சொன்னது. பொறாமையால் பிள்ளை இளைக்கிறது என்ற பேச்சும் உண்டு. ஆனால் நோயின் வேர் உணவில் இருந்தது. கடல் கடந்த கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் மருத்துவ உலகுக்கு அறிவித்த குவாஷியோர்கர் என்ற புரதக் குறைநோயும், அடுத்த குழந்தை வந்ததால் தாயிடமிருந்து விலக்கப்பட்ட குழந்தைக்கு வருவதாகவே அங்குள்ள கா மொழி மக்களால் அறியப்பட்டிருந்தது.

பிறப்பு வீட்டை விட்டு வெளியேறிய கதை நீண்டது. சென்னையில் 1844-இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனை 1882-இல் எழும்பூருக்கு இடம்பெயர்ந்தது. ஆண் மருத்துவரிடம் வர மறுத்த பெண்களுக்காக மருத்துவர் மேரி ஷார்லிப் முன்னின்று முயல, 1885-இல் இன்னொரு மருத்துவமனை உருவாகி, பின்னாளில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆயிற்று. ஆயினும் நாட்டுப்புறம் நெடுங்காலம் மருத்துவச்சியின் கையிலேயே இருந்தது. 2019–21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிறப்புகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்தன. தாய்மார் சாவு பெரிதும் குறைந்த இம்மாற்றத்தில், தொற்று அச்சத்தால் சிறுபிள்ளைகளை வார்டுக்குள் விடத் தயங்கும் வழக்கமும் உடன் வந்தது. அதனால் மூத்த பிள்ளை தாயைச் சில நாட்கள் காணாமலிருந்து, பிறகு ஒரு சிசுவோடு அவள் திரும்புவதைக் காண நேர்ந்தது. சிசுவை எப்படி அறிமுகப்படுத்துவது என்று குழந்தை வளர்ப்புக் கட்டுரைகள் இன்று அறிவுரை சொல்வதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். அதே கணக்கெடுப்பில் மகப்பேற்று விகிதம் 1.8 ஆகச் சுருங்கியிருந்த மாநிலத்தில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தச் சந்திப்பு வாழ்வில் ஒரே முறைதான், அதுவும் எல்லாருக்கும் இல்லை.

சவலையைப் பெருமளவு பின்தள்ளியது சடங்கோ அறிவுரையோ அன்று. 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை, அதாவது சவலை தாக்கும் அதே வயதினரை, மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தது. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது முதல் பிள்ளைகளைப் பந்தியில் உட்காரவைத்தது. குடும்பம் சிறுத்ததும் பேறுகளுக்கு இடையே ஆண்டுகள் கூடியதும் மீதியைச் செய்தன. பால்வாடியின் எடைத்தராசுக்கு இவ்வரலாற்றில் தொட்டிலுக்கு நிகரான இடம் உண்டு.