நம்ம மேட்ச்: பெங்களூர்த் தமிழரும் உள்ளூர்ப் பந்தாட்டமும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, கால்பந்தைப் பற்றி எழுதட்டுமா என்றேன். "மலர்ல போய் ஃபுட்பாலா சார்?" என்று ஒரு நண்பர் சிரித்தார். கோயில்கள், கல்வெட்டுகள், தமிழ்ப் பள்ளிகள் பற்றி எழுத என்னைவிடத் தகுதி உடையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் ஓர் ஊருக்குப் பிழைக்க வந்தவன் எந்த நாளில் அந்த ஊர்க்காரன் ஆகிறான் என்ற கேள்விக்கு, கல்வெட்டைவிடப் பந்து மைதானம் கூடுதலாகப் பதில் சொல்லும் என்பது என் அபிப்பிராயம். படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

1974-இல் வாணியம்பாடியிலிருந்து கிளம்பி வந்து, தூரவாணி நகரில் உள்ள ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாது. சேர்ந்து பன்னிரண்டாம் நாளோ பதிமூன்றாம் நாளோ, பக்கத்து மேசைக்காரர் என்னிடம் திரும்பி, "நாளெ நம்ம மேட்ச் இதெ, பர்த்தீரா?" என்றார். எனக்குப் புரிந்தவை இரண்டே சொற்கள்: நம்ம, மேட்ச். மறுநாள் அவருடைய சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து அசோக நகர் ஃபுட்பால் கிரவுண்டுக்குப் போனேன். எதிரணி எச்.ஏ.எல். அதுவரை கபடியைத் தவிர வேறெந்த ஆட்டத்தையும் நான் முழுதாகப் பார்த்தவனல்லன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று அன்றைக்குப் புரியவில்லை, இன்றைக்கும் சந்தேகம்தான். ஆனால் எச்.ஏ.எல். ஒரு கோல் போட்டபோது என் வயிற்றைப் பிசைந்தது. இத்தனைக்கும் எங்கள் அணியில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

அந்த "நம்ம" என்ற சொல்லை இங்கே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

பெங்களூரில் தமிழன் பந்தைப் பார்க்கத் தொடங்கியது என் காலத்தில் அல்ல. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கே தங்கிய ஆங்கிலப் படை, 1809-இல் பெங்களூருக்கு இடம் மாறியது. அந்தப் படை முகாமைத்தான் கன்னடரும் நாமும் 'தண்டு' என்கிறோம். மறுபுறம் கெம்பேகவுடரின் பழைய 'பேட்டை'. படையின் பின்னால் வட ஆற்காடு, சேலம், சென்னைப் பக்கங்களிலிருந்து கொத்தனார், சமையற்காரர், குதிரைக்குப் புல் அறுப்போர், கடைக்காரர், காண்டிராக்டர் என்று நம்மவர்கள் திரளாக வந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834-இல் அல்சூர் ஏரிப்பக்கம் வந்து சேர்ந்தது. 1881-இல் மைசூர் ராஜ்யத்தை உடையார் வம்சத்திடம் திருப்பிக் கொடுத்தபோதும், தண்டை மட்டும் வெள்ளைக்காரன் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். அது மைசூருடன் சேர்ந்தது 1947 ஜூலையில்தான். ஆகவே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தண்டுத் தமிழன் பெங்களூரில் இருந்தும், முழுக்க மைசூர்க்காரனாக இல்லாதவன்.

சிப்பாய்களுக்கு மாலை நேரத்தில் பந்து. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தை ஓடி எடுத்துக் கொடுத்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். பூட்ஸ் கிடையாது. வெறுங்காலால் உதைத்துப் பழகினார்கள். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதமபுரம் என்று தண்டின் உழைப்பாளர் குடியிருப்புகளில் எல்லாம் ஆட்டம் பரவியது இப்படித்தான்.

கௌதமபுரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர மனமில்லை. அல்சூரை ஒட்டிய இந்தக் குடியிருப்புக்குப் பழைய பெயர் 'கன் ட்ரூப்'. பீரங்கிப் படையை அண்டிப் பிழைத்தவர்களின் இடம். பிற்காலத்தில் புத்தர் பெயரைச் சூட்டிக்கொண்டது. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளுடன் நாலாவதாக ஒரு சிலை உண்டு. கையில் பந்துடன் பெலே! உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் அந்தத் தெருக்களில் பிரேசில் கொடிதான் பறக்கும். 2022 டிசம்பரில் பெலே மறைந்தபோது அங்கே மெழுகுவத்தி ஏற்றி, மாலை போட்டு, சொந்தத்தில் ஒரு பெரியவர் போனதுபோல் துக்கம் கொண்டாடினார்கள். வெளியார் இதை வேடிக்கை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏழ்மையில் பிறந்த ஒரு கறுப்புப் பையன் பந்தை உதைத்தே உலகத்தைத் தன் பெயர் சொல்ல வைத்தான் என்ற செய்தி, கன் ட்ரூப் தெருவில் விழுகிற மாதிரி வேறு தெருவில் விழாது.

இந்தத் தண்டு மண்ணிலிருந்து போனவர்களின் கணக்கு சாமானியமானதல்ல. பம்பாயில் 1891-இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையைப் படைப்பிரிவு அணிகளே மாறி மாறி வாங்கிக்கொண்டிருந்தன. 1937-இல் அதை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். பெயர் முஸ்லிம்ஸ் என்றாலும் தண்டு முழுவதும் அதைத் தன் வெற்றியாகவே கொண்டாடியதாக, அல்சூரில் நான் குடியிருந்த வீட்டுக்காரப் பெரியவர் சொல்வார். 1946-47-இல் பெங்களூரிலேயே நடந்த சந்தோஷ் கோப்பையில் மைசூர் அணி வங்காளத்தை வீழ்த்தியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் கோலை பிரான்சுக்கு எதிராக அடித்தவர், மைசூர் அணியில் ஆடிய சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலர்கள். இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றோம். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் பெங்களூரின் அருமைநாயகம் இருந்தார். 1968-69-க்குப் பிறகு சந்தோஷ் கோப்பை இந்த மாநிலத்துக்குத் திரும்ப 54 ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில், அதுவும் சவூதியின் ரியாத்தில்!

ஆட்டக்காரர் கதை இருக்கட்டும். பார்வையாளன் எப்படி ஓர் அணிக்குச் சொந்தமாகிறான்? நூலைப் படித்து, தகுதி பார்த்து, இந்த அணியே சிறந்தது என்று யாரும் சேர்வதில்லை. யாரோ ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் இதே கதை. 1886-இல் வுல்விச் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சேர்த்த அணியே ஆர்சனல். 1878-இல் நியூட்டன் ஹீத் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கியதுதான் பிற்பாடு மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். அணிகளை நாங்கள் ஆதரித்ததும் அதே வழியில்தான். சம்பளம் போடும் இடம், பஸ்ஸில் கூட வருபவர்கள், கான்டீன் பேச்சு எல்லாம் சேர்ந்து அணியாகி மைதானத்தில் இறங்கும். நல்ல ஆட்டக்காரனுக்குத் தொழிற்சாலை வேலை கொடுக்கும். வெள்ளிக்கிழமை நம்மோடு டீ குடித்தவன் சனிக்கிழமை கோல் அடிப்பான். இதைவிட 'நம்ம' என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

குடிபெயர்ந்தோருக்குக் கல்கத்தா ஒரு நல்ல பாடம். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கிளப், கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் அணி. நாடு பிரிந்தபின் வீடு வாசல் இழந்து வந்த அகதிகளுக்கு அதுவே பிறந்த ஊர் போலாயிற்று. அந்த அகதிகளின் மானத்தைக் காத்தவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐவருமே தென்னாட்டவர். அவர்களில் அகமது கான் நம் பெங்களூர்க்காரர். கல்கத்தாக்காரர்கள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்றார்கள். 1949 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் அங்கே போயிற்று. வங்காளம் பேசத் தெரியுமா என்று அந்த ஐவரை யாரும் நிறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் ஊரில் மொழி கேட்கப்பட்ட நாட்களும் உண்டு. 1991 டிசம்பர், காவிரி இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதை ஒட்டிய கலவரம். நம் வாசகர்களில் பலர் அந்த இரவுகளை மறந்திருக்கமாட்டார்கள். வாசலில் தமிழில் எழுதியிருந்த பெயர்ப்பலகையை நானே திருகாணி கழற்றி உள்ளே வைத்தேன். பதினொரு வயது மகன், "ஏம்பா கழட்றீங்க?" என்று கேட்டதற்கு, "பெயின்ட் அடிக்கணும்" என்றேன். அன்றிரவு தெருமுனையில், மாலைகளில் கிரவுண்டில் ஆடும் பையன்கள் கேரம் போர்டு போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். கன்னடம், உருது, தெலுங்கு, தமிழ் எல்லாம் கலந்த கூட்டம். எங்கள் தெருவில் ஒன்றும் நடக்கவில்லை. பந்தாட்டத்தால்தான் நடக்கவில்லை என்று சொல்ல நான் துணியமாட்டேன். வேறு தெருக்களிலும் பந்து ஆடினார்கள், அங்கே நடந்தது. நான் பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவே. பலகையைத் திரும்ப மாட்ட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

பிறகு தொழிற்சாலைகள் ஆட்டக்காரருக்கு வேலை கொடுப்பது சுருங்கியது. மைதானமும் வெறிச்சோடியது. டெலிவிஷனில் மான்செஸ்டரும் பார்சிலோனாவும் வந்த பின், நம் பிள்ளைகளுக்கு ஆஸ்டின் டவுன் ஆட்டக்காரன் பெயர் தெரியாமல் போயிற்று. 2013-இல் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் பெங்களூரு எஃப்.சி. என்று ஒரு கிளப்பைத் தொடங்கியபோது எனக்கு நம்பிக்கை இல்லை. பணம் போட்டு அணி வாங்கலாம், ஆதரவாளனை எங்கே போய் வாங்குவது என்று நினைத்தேன். என் கணிப்பு தப்பியது. முதல் வருஷமே ஐ-லீக் பட்டம். ஆட்டம் நடந்ததோ, ஐ.டி.ஐ.க்காக நான் தொண்டை கிழியக் கத்திய அதே அசோக நகர் ஸ்டேடியத்தில்! என் மகன் ஒருநாள் போனான், மறு வாரம் பேரனையும் தூக்கிக்கொண்டு போனான். பிறகு ஆட்டங்கள் கண்டீரவாவுக்கு மாறின. அங்கே மேற்குப் பக்க ஸ்டாண்டில் நின்றுகொண்டே 90 நிமிஷமும் பாடும் 'வெஸ்ட் பிளாக் புளூஸ்' கூட்டத்தில் அப்பனும் பிள்ளையும் ஐக்கியமானார்கள். 2016 செப்டம்பரில் மறுபடி காவிரிக் கலவரம், பஸ்கள் எரிந்தன. அக்டோபர் 19 அன்று அதே ஊரில், மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று, ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் ஆனது பெங்களூரு. அன்று மகன் நடுநிசியில் குரல் போய் வீடு வந்தான்.

இனி 2018 மார்ச் 17, சனிக்கிழமை. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து ஒரு மாதம். கண்டீரவாவில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம்: பெங்களூரு எஃப்.சி.க்கு எதிரே யார்? சென்னையின் எஃப்.சி.! வியாசர்பாடியில் இருக்கும் என் மைத்துனர் அதற்கென்றே ரயிலேறி வந்துவிட்டார். "மாமா, நீங்க எந்தப் பக்கம்?" என்று இட்லி சாப்பிடும்போதே ஆரம்பித்தார். இரண்டு கிளப்புக்கும் நிறம் நீலம் என்பதால், "நீலத்துப் பக்கம்" என்று சமாளித்தேன். மனைவி அடுக்களையிலிருந்து, "தம்பி வந்திருக்கான், பார்த்துப் பேசுங்க" என்றாள்.

ஒன்பதாம் நிமிஷத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் போட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து எழவில்லை. பக்கத்தில் மைத்துனர் உட்கார்ந்தபடியே என்னை அண்ணாந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு அவர் முறை. மெயில்சன் ஆல்வெஸ் இடைவேளைக்கு முன் இரண்டு கோல், இரண்டும் தலையால். ரஃபேல் அகஸ்தோ மூன்றாவது. கடைசி நேரத்தில் மிக்கு ஒன்றைத் திருப்பியும் பயனில்லை, 3-2. சென்னைக்குக் கோப்பை. நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன் எச்.ஏ.எல். கோல் போட்டபோது பிசைந்த அதே இடத்தில் பிசைந்தது.

இங்கேதான் 'நம்ம'வுக்குத் திரும்பி வருகிறேன். கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம்', கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'நாங்கள்' என்று நம் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய கன்னடத்தில் இந்தப் பிரிவு இல்லை, இரண்டுக்கும் 'நாவு'தான். ஆனால் 'நம்ம' என்பது இரு மொழிக்கும் பொது. 1974-இல் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்ட அந்தக் கன்னடர், தன் மொழியில் சாதாரணமாகச் சொன்னதை நான் தமிழ்க் காதால் கேட்டேன். என்னையும் சேர்த்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை அவர் அப்படி நினைத்தே இருக்கமாட்டார்.

அன்றிரவு கப்பன் பார்க் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினோம். கூட்டமெல்லாம் நீலச் சட்டை, பேச்சே இல்லை. மைத்துனருக்குச் சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை, ஆனால் இடம் பார்த்து வாயை மூடிக்கொண்டிருந்தார். ஒன்பது வயதுப் பேரன் அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவரைப் பார்த்து, "நீங்க ஜெயிச்சிட்டீங்க, மெட்ராஸ் தாத்தா. நாங்க தோத்துட்டோம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்த வருஷம் நாம ஜெயிப்போமா தாத்தா?" என்று கேட்டான்.

"ஜெயிப்போம்டா" என்றேன். அல்சூர் ஸ்டேஷன் வந்தது, இறங்கினோம். மறு ஆண்டு மார்ச் 17, அதே தேதியில், பம்பாயில் கோவாவை 1-0 என்று வென்று பெங்களூரு பட்டத்தை வாங்கியது. மைத்துனர்தான் முதலில் போன் செய்தார்.