எல்லைக்கல்லும் வரப்புத் தகராறும்

தமிழ்நாட்டில் அடுத்தடுத்த நிலக்காரர்கள் இருவரிடையே வரப்புத் தகராறு எழுந்தால், இரு தரப்பும் முதலில் தேடுவது ஒரு கல்லை. நில அளவையின்போது புலத்தின் மூலைகளில் நடப்பட்ட இக்கல் எல்லைக்கல் அல்லது சர்வே கல் எனப்படும். அது எதற்காக நடப்பட்டது என்பதை அறிந்தால், அதனால் எதைத் தீர்க்க முடியும், எதைத் தீர்க்க முடியாது என்பதும் விளங்கும்.

எல்லையில் கல் நடும் வழக்கம் பழமையானது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தபோது, பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றிவரச் செய்து, கல்லும் கள்ளியும் நட்டதை லெய்டன் செப்பேடு குறிக்கிறது. கள்ளியை ஆடுமாடு மேயாது, நீரின்றியும் நிற்கும். ஆனால் அது ஊருக்கு இட்ட எல்லை. இருவர் வயல்களுக்கு நடுவே அரசே கல் நட்டது பிற்காலத்தில்தான்.

அதற்குக் காரணம் ரயத்துவாரி முறை. ஒவ்வொரு பயிர்க்காரரும் அரசுக்கு நேரடியாக வரி செலுத்த வேண்டியிருந்ததால், ஒவ்வொரு புலத்தின் பரப்பும் தெரிய வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் எல்லைக் குறிகளை நாட்டவும் எல்லைத் தகராறுகளைத் தீர்க்கவும் 1860-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அளவைக்குப் பயன்பட்டது 66 அடி நீளமுள்ள குண்டர் சங்கிலி. அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். ஒரு சங்கிலி நீள வரப்பு ஒரு கண்ணி நகர்ந்தால் 43.56 சதுர அடி, அதாவது சென்டில் பத்தில் ஒரு பங்கு, கைமாறிவிடும். ஆண்டுதோறும் வரப்பைச் சிறிது சிறிதாக வெட்டிச் சேர்ப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதை இதிலிருந்து கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இன்றும் அடிப்படையாக உள்ளது 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம். எல்லையில் தகராறு இருந்தால் அளவை அலுவலர் விசாரித்து முடிவை எழுதிப் பதிய வேண்டும். அதை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அளவை முடிந்ததற்கான அறிவிக்கை வெளியானபின் மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். கற்களைப் பேணுவது நிலக்காரரின் கடமை என்றும் இச்சட்டம் கூறுகிறது. உழும்போது இடறுகிறதென்று கல்லைப் பிடுங்கிக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டவர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள்.

1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யூ.டி.ஆர்.) பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டு, அளவுகள் ஹெக்டேர், ஏர் கணக்குக்கு மாறின. அப்போது பெயரிலும் பரப்பிலும் நேர்ந்த பிழைகள் இன்றைய தகராறுகள் பலவற்றுக்கு வேர்.

தற்போது எல்லையை அளக்க விரும்புபவர் கட்டணம் செலுத்தி மனுச் செய்கிறார். வழக்கில் இதை 'எஃப் லைன்' அளவை என்பர். அடுத்த நிலக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்பியபின் நில அளவர் புலப்படத்துடன் வருகிறார். தகராறுக்குரிய வரப்பிலிருந்து அவர் அளக்கத் தொடங்குவதில்லை. அசையாமல் இருக்கும் பழைய கற்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் படத்துடன் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்தே காணாமற்போன மூலையைக் குறிக்கிறார். அறிவிப்பு கிடைத்தும் வராமல் இருந்துவிட்டு, பின்னர் அளவையே தவறு என்று வாதிடுவது பலரும் செய்யும் தவறு. அளக்கும்போது உடன் நின்று, எந்தக் கல்லிலிருந்து தொடங்கினார் என்பதைக் குறித்துக் கொள்வதே பயன்தரும்.

அளவை காட்டுவது புலத்தின் கோடு எங்கே என்பதை மட்டுமே. கோட்டுக்கு அப்பாலுள்ள துண்டு யாருக்கு உரியது என்ற கேள்வியை உரிமையியல் நீதிமன்றமே முடிவு செய்யும். அங்கு பத்திரமும் அனுபவமும் பார்க்கப்படும். தேவையானால் நீதிமன்றம் ஆணையர் ஒருவரை அனுப்பி, நில அளவர் துணையுடன் இடத்தை அளந்து அறிக்கை பெறும். அடுத்தவர் அத்துண்டை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக 12 ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்திருந்தால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி அதை மீட்கும் உரிமையே போய்விடக்கூடும். அப்போது கல் சரியான இடத்தில் நின்றாலும் பயனில்லை.